உப்புத் தண்ணி லைன்

அந்தப் புதன்கிழமை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், அம்மா, அக்கா வீட்டுக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில், எலும்பு வார்டில் படுத்திருந்தார். அக்கா அவருக்குத் துணையாக அங்கேயே தங்கியிருந்தாள். கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிய வெஸ்டர்ன் கக்கூஸ் வைக்கோல் சுற்றியபடி நின்றிருந்தது. அம்மா போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தொடவில்லை.

அப்பா சவுக்கு வெட்டு மேஸ்திரி. கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலோரமாக இருக்கும் தோப்புகளை ஏலம் எடுப்பவர்களுக்கு ஆள் வைத்து வெட்டிக் கொடுப்பார். லோடு ஏற்றிய லாரியின் மேலிருந்து கயிறு இழுக்கும்போது விழுந்தார். இடது தொடை எலும்பு, இடுப்புக்குச் சற்றுக் கீழே முறிந்துவிட்டது. பிளேட் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். நான் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்ததால் இருக்கலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல் ஆள். அணுமின் நிலையத்தில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். டாக்டர் சொன்னதில் முக்கியமானது ஒன்றுதான். ஆறு மாதத்துக்குக் குந்தி உட்காரக் கூடாது. நாற்காலியில் உட்காருகிற மாதிரி கக்கூஸ் வேண்டும். அதைத் தமிழில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "உன் நைனா எங்க கக்கூஸுக்குப் போயிருக்குது" என்றாள்.

அது உண்மை. எங்கள் வீட்டின் பின்பக்க அறையை அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அப்பாதான் நின்று கட்டினார். அகலமான அறை. ஒரு பக்கம் குளிக்கும் இடம், ஒரு பக்கம் தரையோடு பதித்த பேசின். ஆனால் அப்பா ஒரு நாளும் அதற்குள் போனதில்லை. அது பெண்களுக்கு என்பது அவர் கணக்கு. விடிவதற்கு முன்பே தோப்புப் பக்கம் போய்விட்டு, கால்வாயில் கால் கழுவிக்கொண்டு வருவார். என்னையும் பன்னிரண்டாவது முடிக்கும் வரைக்கும் அப்படித்தான் கூட்டிப் போனார்.

ஆஸ்பத்திரியில் அவர் சாப்பிடவில்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. அக்கா தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் தெருக்கோடிக் கடைக்குப் போன் பண்ணுவாள். காலையில் அரை இட்லி, அப்புறம் டீ, அவ்வளவுதான் என்பாள். சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டும். போனால் படுக்கையில் பாத்திரம் வைக்க வேண்டும். வைப்பது பெற்ற மகள். அக்காவுக்கு அதில் ஒன்றுமில்லை. அவருக்கு இருந்தது. வார்டு ஆளைக் கூப்பிட்டுவிட்டு அக்காவை வராண்டாவுக்கு அனுப்பிவிடுவாராம். அந்த ஆள் வராத நாள்களில் வயிற்றைக் காயப்போட்டுவிடுவார். கேட்டால், "வூட்டுக்கு வந்து துன்னுக்கறேன்" என்று ஒரே பதில். எலும்பு கூட வேண்டும் என்றால் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சத்தம் போட்டும் பலனில்லை. முகம் ஒடுங்கிவிட்டது.

ஆகவே வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வரும்போது அவரே எழுந்து போய், உட்கார்ந்து, அவரே தண்ணீர் விட்டுவிட்டு வருகிற மாதிரி ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். இரண்டு கையிலும் வாக்கர் பிடித்து நடக்கிற மனிதனால் வாளி தூக்க முடியாது. ஃப்ளஷ் டேங்க் வேலை செய்யவில்லை என்றால் அம்மாவோ அக்காவோ பின்னால் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் அவர் வீட்டிலும் சாப்பிட மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் மராமத்துப் பிரிவில் கான்ட்ராக்ட் ஹெல்பர். குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் போகும் இரண்டு பேரில் இரண்டாவது ஆள். பை தூக்கிக்கொண்டு போவார். ஆனால் எங்கள் ஊர்வரைக்கும் அவர்தான் பிளம்பர். ஃப்ளஷ் டேங்கை அவர்தான் கொண்டுவந்தார். ஒரு குவார்ட்டர்ஸில் கழற்றிப் போட்டது, விஞ்ஞானி வீட்டு டேங்க், ஒரு குறையும் இருக்காது என்றார். அதோடு அதன் இணைப்புக் குழாயும் வந்தது. முழ நீளம் இருக்கும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையிலும் பித்தளை நட்டு. வெள்ளையாக இருந்தது பழுத்து மஞ்சளாகியிருந்தது.

மாமாவின் வேலைமுறை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிவதை முதலில் முடிப்பார். அதைப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்குத் தெம்பு வரும் என்பார். அதனால் புதன்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொத்தனாரைக் கூட்டிவந்து, சமையலறைச் சுவரை ஒட்டிய பக்கத்தில் கக்கூஸை நிறுத்தி, வெளியே இருக்கும் கழிவுத் தொட்டியோடு அடிக்குழாயை இணைத்து, சிமென்ட் போட்டு, சுற்றிலும் டைல்ஸும் பதித்துவிட்டார். மத்தியானத்துக்குள் அந்த மூலை மட்டும் டவுன்ஷிப் மாதிரி ஆகிவிட்டது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். மாமா அவளிடம், "இன்னா அத்தே, நீங்களும் ஒருவாட்டி உக்காந்து பாருங்க" என்றார். "அந்தச் சேருல உக்காந்தா எனக்கு வராது மாப்ள" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்புக்குப் போய்விட்டாள்.

தண்ணீர்க் குழாயை அதற்கு அப்புறம்தான் தொட்டார்.

எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். போர் தண்ணீர் உப்பு. அது பின் அறையின் கூரை மேல் இருக்கும் சிமென்ட் தொட்டிக்கு ஏறி, குளிக்க, துவைக்க, கக்கூஸுக்கு வரும். நல்ல தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கொஞ்ச நேரம் வரும். அதைத் தரைத்தொட்டியில் பிடித்து, சின்ன மோட்டாரால் சமையலறை மேலே மேடை கட்டி வைத்த கறுப்பு டேங்கில் ஏற்றுவோம். அந்தக் குழாய் சமையலறைக்கு மட்டும்தான். நல்ல தண்ணீரில் பாத்திரம்கூடக் கடைசி அலசல்தான் அலசுவாள் அம்மா. நல்ல தண்ணீரில் கை கழுவினால் எங்கள் தெருவில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள்.

உப்புத் தண்ணீரின் லைன் வீடு கட்டியபோது போட்ட இரும்புக் குழாய். தொட்டியிலிருந்து பின்சுவரில் இறங்கி, தரைக்கு அடியில் அறையைக் கடந்து, உள்சுவரில் ஏறிக் குளிக்கும் குழாயில் முடியும். ஃப்ளஷ் டேங்குக்கு அந்தக் குழாய் இருந்த இடத்திலிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். மாமா பழைய குழாயைக் கழற்ற ரெஞ்சு போட்டுத் திருகினார். முதல் திருகில் அசையவில்லை. இரண்டாவது திருகில் குழாய், அதன் பின்னால் வளைவில் இருந்த முழங்கைத் துண்டு, அதற்குள் இருந்த திருகு மரை எல்லாம் சேர்ந்து ஒரு பிடி துருவாக அவர் கையோடு வந்தன. சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது. அதிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்து புது டைல்ஸில் ஓடியது. நான் மேலே ஏறி வால்வை மூடப் போனேன். வால்வின் கைப்பிடி சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. தொட்டி தானாகக் காலியாகும் வரைக்கும் மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

மாமாவுக்கு உடனே ஒரு வழி தோன்றியது. சமையலறைக்கு வரும் நல்ல தண்ணீர்க் குழாய் அதே சுவரின் மறுபக்கத்தில் ஓடுகிறது. போட்டு இரண்டு வருஷம்கூட ஆகாத பி.வி.சி. சுவரில் ஒரு துளை, ஒரு இணைப்பு, அரை மணி நேர வேலை. உப்பு லைனை நிதானமாக அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நியாயமாகத்தான் எனக்கும் பட்டது.

அம்மா கையில் கரண்டியோடு வந்தாள்.

"குடிக்கிற தண்ணிய அதுலயா வுடப் போறீங்க?"

"ரெண்டு மாசத்துக்கு அத்தே. மாமா நடக்கற வரிக்கும்." அவர் மாமா என்றது அப்பாவை.

"ரெண்டு நாளுக்கும் வாணாம். இன்னா வேணா பண்ணிக்கோங்க மாப்ள. அந்தக் கொழாயில மட்டும் கை வைக்காதீங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா மாப்பிள்ளையிடம் இந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் போலிருந்தது. "சரி, லைனையே புதுசா இழுத்துருவோம் மச்சான்" என்று என்னைக் கடைக்கு அனுப்பினார்.

புதுப்பட்டினத்தில் ஹார்டுவேர் கடைக்காரர், பழைய குழாயிலிருந்து நான் காட்டிய துண்டைக் கையில் வாங்கி விரலால் அழுத்தினார். அது உதிர்ந்தது. "கடல் பக்கத்து வூடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எடுக்கறதுதான் எடுக்கற, மொத்தமா எடுத்துரு. பாதி வச்சா மறுபடி வருவ" என்றார். வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இணைப்புக் குழாயும் வேண்டுமா என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன்.

வியாழக்கிழமை முழுக்க வேலை நடந்தது. தொட்டியில் புது வால்வு. பின்சுவரில் தரை வரைக்கும் புது பி.வி.சி. உள்சுவரைக் கொத்தி, தரையிலிருந்து மேலே வரைக்கும் புது பி.வி.சி., அதன் முனையில் ஃப்ளஷ் டேங்குக்கு ஒரு வால்வும் கழுவிக்கொள்ள ஒரு சின்னக் குழாயும். இந்த இரண்டுக்கும் நடுவில், தரைக்கு அடியில், பழைய இரும்புக் குழாய் நாலைந்து அடி நீளத்துக்கு இருந்தது. அதற்கு நேர் மேலே முந்தின நாள் பதித்த டைல்ஸ். அதன் மேலே சிமென்ட் இறுகிக்கொண்டிருந்த கக்கூஸ். அதை எடுக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். உடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

மாமா குனிந்து இரும்புக் குழாயின் வாயில் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். துரு கொட்டியது. மறுமுனையிலிருந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். முதலில் காபி நிறத்தில் வந்தது, அப்புறம் டீ நிறம், அப்புறம் தெளிந்துவிட்டது. "ஓடுது பாரு. வெளிய தெரியறது எல்லாம் புதுசு. உள்ள கீறது யாருக்குத் தெரியப் போவுது" என்று இரண்டு முனையிலும் இணைப்பு போட்டு மூடினார். ஃப்ளஷ் டேங்கைச் சுவரில் மாட்டி, மஞ்சள் இணைப்புக் குழாயைத் திருகினார். டேங்க் நிறைந்தது. அவரே கைப்பிடியை இழுத்தார். தண்ணீர் சுழன்று இறங்கியது. அம்மா சமையலறையிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இவ்ளோ தண்ணியா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா வாடகைக் காரில் வந்தார். முன் சீட்டைப் பின்னால் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா பின்னால் வாக்கரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் நேராகக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே போகாமல், வாக்கரில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "எது இழுக்கணும்?" என்று கேட்டார். மாமா காட்டினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, "இன்னா கீது துன்ன?" என்றார்.

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். மூன்றாவதாகக் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டார். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் கணக்காகத் தூங்காதவள், அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒரு பிரச்சினையும் இல்லை. போனார், தண்ணீர்ச் சத்தம் கேட்டது, வந்தார். காலையில் இட்லி, மத்தியானம் மீன். சாயங்காலம் மறுபடி போனார். இந்த முறை கைப்பிடி இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கைப்பிடி. பிறகு ஒன்றுமில்லை.

அம்மா கதவருகே போய் நின்றாள். "இன்னாயா, தண்ணி வர்லியா? வாளி கொண்டாரட்டா?"

"நீ போ."

அம்மா நகர்ந்து வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். நானும் நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டேங்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது காதில் கேட்டது. அப்பா டேங்க் நிறைவதற்குக் காத்திருக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆறு மாதம் குந்தக் கூடாத காலை நீட்டியபடி, அந்தச் சொட்டு ஒரு டேங்க் ஆகும் வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றார்.

ஞாயிறு காலை மாமா வந்து டேங்கைத் திறந்தார். மிதவைக்கு மேலே தண்ணீர் நுழையும் துளையில் துருத் துணுக்குகள் அடைத்திருந்தன. ஊக்கால் குத்திச் சுத்தம் பண்ணினார். நிறைந்தது. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. தரைக்கடியில் இருந்த பழைய குழாயைக் கம்பியால் குத்தியதில் துரு இளகிவிட்டது. இனி அது முடியும் வரைக்கும் வரும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "அதுக்கு இன்னா தெரியும் மச்சான்" என்றார் மாமா.

அப்பா காலையிலும் டீயோடு நிறுத்திக்கொண்டார். அம்மா இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அது ஆறியது. எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் சோற்றுத் தட்டு. அதுவும் அப்படியே திரும்பியது. அந்தத் தட்டைக் கீழே வைக்காமலேயே கொல்லைக்கு வந்து மாமாவிடம், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தச் செவுத்துல ஓட்டை போட்டு நல்ல தண்ணியையே குடுத்துருங்க மாப்ள. அவராண்ட சொல்ல வாணாம்."

மாமா பையிலிருந்து உளியை எடுத்தார். அவர் சொன்னபடியே அரை மணி நேரத்தில் முடிந்தது. உப்பு லைனை அடைத்துவிட்டு, சமையலறைக் குழாயிலிருந்து சுவர் வழியாக இந்தப் பக்கம் ஒரு இணைப்பு. சத்தம் எதற்கு என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்டதற்கு, வாஷர் மாற்றுகிறோம் என்று நான் சொன்னேன். டேங்க் நிமிஷத்தில் நிறைந்தது. நாலு மணிக்கு அப்பா போனார். வந்ததும் சோறு கேட்டார். அம்மா அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காராமல் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள்.

கறுப்பு டேங்க் சிமென்ட் தொட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீரின் வேகம் அதிகம். மஞ்சளாகிப் போன அந்த இணைப்புக் குழாய் இதுவரைக்கும் உப்பு லைனின் மெதுவான தண்ணீரைத்தான் தாங்கியது. திங்கட்கிழமை காலை அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. கொல்லைக்கு ஓடினாள். அதற்கு முன்பே எழுந்து போயிருந்த அப்பா பின் அறை வாசலில் வாக்கரோடு நின்றிருந்தார். இணைப்புக் குழாய் நட்டுக்கு மேலே நீளமாகக் கீறிக்கொண்டு பிளந்திருந்தது. தரை முழுக்க ஈரம். ஒரு டேங்க் நல்ல தண்ணீரும் கக்கூஸ் சாக்கடையில் போயிருந்தது.

அப்பாவின் கையில் சோப்பு நுரை இருந்தது. குழாயில் மிச்சமிருந்த தண்ணீரில் கை கழுவியிருக்கிறார். எங்கள் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகப் போகும், நுரைக்காது.

"இன்னாமே இது?" என்று கையை நீட்டிக் காட்டினார்.

அம்மா குனிந்து பிளந்த குழாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணியில என் பீயக் கழுவி வுட்டுக்கினு கீறியா? தெருவுல எவனுக்குனா தெரிஞ்சா இன்னாத்துக்கு ஆவும்? ஒரு கொடம் தண்ணிக்கு அடிச்சிக்கிற ஊருடி இது."

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள் அம்மா. "நீ துன்ன மாட்டேன்ற. காலு எப்டி கூடும்? நல்ல தண்ணி நாளைக்கி வரும். நீ வருவியா?"

அப்பா வாக்கரைத் திருப்பினார். அவர் திரும்ப எப்போதும் நேரம் எடுக்கும். அன்றைக்கு இன்னும் அதிகமாக எடுத்தது. கட்டில் வரைக்கும் போய் உட்கார்ந்தார். அக்கா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன்.

"அந்தப் பழைய பைப்பு எங்க கீது?"

தரைக்கு அடியில் என்றேன். டைல்ஸுக்குக் கீழே.

"எவ்ளோ நீட்டு?"

கையை விரித்துக் காட்டினேன்.

"ஒடைங்க. எல்லாத்தையும் எடுங்க. அது முடியற வரிக்கும் நான் ஒண்ணும் துன்னல. முடிஞ்ச ஒடனே துன்றேன். உன் மாமனைக் கூப்புடு."

அன்றும் நான் வேலைக்கு விடுப்பு சொன்னேன். மாமாவும் வந்தார். ஐந்து நாளைக்கு முன் டைல்ஸ் பதித்த அதே கொத்தனார் அதே டைல்ஸை உடைத்தார். வருத்தமாகத்தான் உடைத்தார். ஒன்றிரண்டை முழுசாக எடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். கக்கூஸின் ஒரு பக்கத்துச் சிமென்ட்டும் கொஞ்சம் போனது. அப்பா நாற்காலியைக் கொல்லைக்குக் கொண்டுவரச் சொல்லி, காலை ஒரு கவிழ்த்த வாளி மேல் நீட்டி வைத்து உட்கார்ந்துகொண்டார். சவுக்கு வெட்டும்போது ஆள்களிடம் பேசுகிற குரலில் பேசினார். "மாப்ள, மெல்ல. கீழ கல்லு கீது பாருங்க" என்று ஒருதரம். "விஞ்ஞானி வூட்டு டேங்குன்னீங்களே, விஞ்ஞானி எங்க?" என்று ஒருதரம். மாமா சிரித்தார். அதுவரைக்கும் அவர் யாரோடும் சரியாகப் பேசாமல்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

பழைய குழாய் முழுசாக வரவில்லை. மூன்று துண்டாக வந்தது. வெளியே பார்க்கக் கட்டை விரல் பருமன். உள்ளே துரு ஏறி ஏறி, பென்சில்கூட நுழையாத அளவுக்குத்தான் வழி இருந்தது. கொத்தனார் ஒரு துண்டைத் தரையில் தட்டினார். தண்ணீர் வந்த இத்தனை வருஷமும் அதற்குள் சேர்ந்தது சிவப்பு மண்ணாகக் கொட்டியது. அப்பா அதை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "இதுல எப்டிடா வந்துச்சி" என்றார்.

புதுக் குழாய் போட அதிக நேரம் ஆகவில்லை. கொத்தனார் அதன் மேல் சிமென்ட் போட்டு மறுபடி டைல்ஸ் பதித்தார். இணைப்புக் குழாயும் இந்த முறை புதிது. அதே கடையில் வாங்கினேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுவரில் போட்ட நல்ல தண்ணீர் இணைப்பை மாமா கழற்றி, துளையைச் சிமென்ட் வைத்து மூடினார். அம்மா சமையலறைப் பக்கமிருந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். தரைத்தொட்டியும் காலி, நல்ல தண்ணீர் மறுநாள் காலையில்தான் வரும் என்பதால், அன்றைக்கு ஒரு தனியார் டேங்கரிலிருந்து தரைத்தொட்டிக்குத் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று. அதை யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் டேங்கரைப் பார்த்தார்.

ஐந்து மணி வாக்கில் சிமென்ட் தொட்டியின் வால்வைத் திறந்தேன். ஃப்ளஷ் டேங்க் உப்புத் தண்ணீரில் நிறைந்தது. அப்பா எழுந்து வந்து கதவைத் திறந்து வைத்தபடியே கைப்பிடியை இழுத்தார். இறங்கியது. நிறையும் வரைக்கும் வாக்கரில் சாய்ந்து நின்றார். மறுபடி இழுத்தார். மறுபடி நின்றார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு எங்களை எல்லாம் போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் சாப்பிட்டார். சாம்பார்தான் இருந்தது, மத்தியானம் வைத்தது. அதையே ஊற்றிக்கொண்டு இரண்டாவது முறையும் சோறு கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று என்னிடம் கேட்டார். இதுவரைக்கும் வீட்டில் இப்படிக் கேட்பது அவராகவும் பதில் சொல்வது அம்மாவாகவும்தான் இருந்தது. நான் கூட்டினேன். கக்கூஸ், குழாய், வால்வு, சிமென்ட், இரண்டு தரம் வாங்கிய டைல்ஸ், கொத்தனாருக்கு இரண்டு தரம் கூலி, டேங்கர் தண்ணீர். மாமா கூலி வாங்கவில்லை. புதன்கிழமை காலையில் அவர் மூவாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் ஆகியிருந்தது.